கரும்புக்காட்டில் மவுண்டன் பைக் பந்தயம்: கடைசியாக வருபவரிலிருந்து தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே வெருலத்திலிருந்து டொங்காட்டைக் கடந்து ஸ்டேங்கர் வரை விரிந்து கிடக்கும் கரும்புச் சரிவுகளில் சைக்கிள் ஓட்டுபவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. தமிழ்ப் பள்ளிக்கோ கோயில் மண்டபத்துக்கோ நிதி திரட்ட வேண்டுமென்றால், இசை நிகழ்ச்சிக்குப் பதிலாக ஒரு பந்தயம் வைக்கலாமே என்று யாராவது ஒருவர் கூட்டத்தில் சொல்லிவிடுகிறார். அப்படிச் சொல்லப்பட்ட ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன். இதுவரை பந்தயம் எதையும் நடத்தியிராத ஒருவர், முதன்முறையாக ஒரு குழுவில் சேர்ந்து உதவும்போது எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக 200 பேர் கலந்துகொள்ளும், 32 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு காலைப் பந்தயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு செய்தி. முதன்முறை உதவ வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வருபவரைப் பற்றியே யோசிக்கிறார்கள்: பரிசுக் கோப்பை, நேரம் அளக்கும் கருவி, முடிவிடத்தில் வளைவு. முதலில் வருபவருக்கு உங்கள் உதவி அதிகம் தேவைப்படாது. அவருக்குப் பாதை தெரியும், சைக்கிளைப் பழுதுபார்க்கவும் தெரியும், தண்ணீர்கூட வேண்டாமென்று கடந்து போய்விடுவார். தண்ணீர், ஆட்கள், மருத்துவம், நேரம் ஆகிய எல்லாக் கணக்குகளையும் கடைசியாக வருபவரை வைத்துப் போட்டால் பந்தயம் சரியாக நடக்கும்.

முதற்படி: நிலத்துக்குரியவரைப் பார்த்தல்

வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன் நிலத்துக்குரியவரைச் சந்தியுங்கள். குவாசூலு-நட்டால் மாகாணத்தின் இந்தப் பகுதியில் ஒரு 32 கிலோமீட்டர் பாதை, பெரிய கரும்புத் தோட்டம், தனியார் பண்ணை, நகராட்சி நிலம், மரபுத் தலைவரின் ஆளுகைக்குட்பட்ட ஊர் என்று நான்கு வகை நிலங்களைக் கடக்கக்கூடும். சூலு மக்களின் மரபு நிலங்களைப் பொறுப்பில் வைத்திருக்க 1994-இல் அமைக்கப்பட்ட இங்கொன்யாமா அறக்கட்டளையின் பெயரில் உள்ள நிலமென்றால், அந்தப் பகுதியின் இந்தூனாவை, அதாவது மரபுத் தலைவருக்குக் கீழுள்ள ஊர்ப் பெரியவரை, முதலில் நேரில் பார்த்து, அவர் வழியாக மேலே செல்வதுதான் முறை. கடிதத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் நெடுநாள் காத்திருப்பார்கள். சந்திக்கச் செல்லும்போது சூலு மொழி நன்றாகப் பேசும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வணக்கம் சொல்லி, குடும்ப நலம் விசாரித்து, பிறகு விஷயத்துக்கு வருவது நம் வீடுகளில் இருப்பதைப் போலவே அங்கும் மரியாதை.

நாங்கள் முதலில் பார்த்த பண்ணைக்காரர், எங்கள் வரைபடத்தை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. “கடைசி ஆள் போன பிறகு என் கேட்டை யார் மூடுவது?” என்பது மட்டுமே அவருடைய கேள்வி. மாடுகள் வெளியேறிவிடும் என்பது அவர் கவலை. எங்களிடம் பதில் இல்லை, அதனால் அன்று அனுமதியும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு தாளுடன் மீண்டும் போனோம்.

கரும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கு ஆலைகள் ஏறக்குறைய ஏப்ரல் முதல் டிசம்பர் வரை இயங்குகின்றன. வெட்டுவதற்கு முன் பல வயல்களில் தோகையைத் தீ வைத்து எரிக்கிறார்கள். அதன்பின் கையால் வெட்டி, டிராக்டரிலும் லாரியிலும் ஏற்றிச் செல்கிறார்கள். ஆகவே நீங்கள் பார்த்துவைத்த பசுஞ்சுவர்களுக்கு நடுவிலான பாதை, பந்தயத்துக்கு முந்தைய வாரம் கரிய வெட்டவெளியாகக் கிடக்கலாம். நீங்கள் கட்டிய அம்புப் பலகைகள் சாம்பலாகியிருக்கலாம். அல்லது அன்று காலையிலேயே அந்த வழியில் கரும்பு லாரி வரலாம். தோட்ட மேலாளரிடம் அந்த மாதத்தின் வெட்டுத் திட்டத்தைக் கேட்டு வாங்கி, பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பும் மூன்று நாள் முன்பும் அதைச் சரிபாருங்கள். பாதையில் எந்த இடம் மாறினாலும் ஈடாக வேறு வழி ஒன்றை முன்கூட்டியே வைத்திருங்கள்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டுரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடுகளுக்கும் ஆலைக்கும் கோயிலுக்கும் இடையே நடந்து பழகிய ஒற்றையடிப் பாதைகள் அவர்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். எங்கள் பாதையின் மிக அழகான இரண்டு கிலோமீட்டர், எந்த வரைபடத்திலும் இல்லாதது. ஒரு தாத்தா தன் கைத்தடியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டியது.

இரண்டாம் படி: நாளைத் தேர்ந்தெடுத்தல்

கோடைக்காலமான நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் பிற்பகல் இடிமின்னலும் அதிகம். மே முதல் ஆகஸ்ட் வரை வறண்ட குளிர்காலம். எனவே குளிர்காலமே நல்லது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஜூன் இறுதியில் டர்பனில் சூரியன் ஏறக்குறைய 6.50 மணிக்குத்தான் உதிக்கிறது. நீங்கள் 7 மணிக்குப் பந்தயத்தைத் தொடங்கினால், பாதையில் நின்று வழிகாட்டும் மார்ஷல்கள் அனைவரும் இருட்டிலேயே தங்கள் இடங்களுக்குச் செல்ல வேண்டும். மேலும் வறண்ட மாதங்கள் காட்டுத்தீக் காலமும் ஆகும். உள்நாட்டிலிருந்து வெப்பக்காற்று வீசும் நாளில், மரத்தோட்டத்துக்குரியவர்கள் கடைசி நிமிடத்தில்கூட நுழைவதற்குத் தடை சொல்லலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு நாட்காட்டியைப் பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே காம்ரேட்ஸ் மாரத்தான் நடக்கும் நாளில் இப்பகுதியின் ஆம்புலன்ஸ்களும் தன்னார்வலர்களும் போக்குவரத்துக் காவலர்களும் அங்கேதான் இருப்பார்கள். மே மாதத்தில் ஹைம்வில்லிலிருந்து ஸ்காட்பர்க் கடற்கரை வரை மூன்று நாள் நடக்கும் சானி2சி மவுண்டன் பைக் பந்தயத்துக்குப் பலர் போய்விடுவார்கள். தைப்பூசக் காவடியும், மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் கூட்டம் திரளும் புனித வெள்ளியும் நம் தன்னார்வலர்கள் கிடைக்காத நாட்கள். புரட்டாசியில் பந்தயம் வைத்தால், விரதமிருப்பவர்கள் பலர் என்பதால், இறைச்சி சுடும் கடையைச் சற்றுத் தள்ளி வைத்து, குடைந்த ரொட்டிக்குள் அவரைக்காய் விதைக் குழம்பு ஊற்றிய ‘பனி சௌ’ விற்பதை முன்னால் வைக்கலாம். எங்கள் வருமானத்தில் நுழைவுக் கட்டணத்துக்கு அடுத்தபடியாக இருந்தது அந்தக் கடைதான்.

மூன்றாம் படி: அனுமதியும் காப்பீடும்

இதில் சுவாரசியம் எதுவும் இல்லை, ஆனால் தவிர்க்க முடியாது. உங்கள் பாதை ஆர்102 போன்ற பொதுச்சாலையை ஒரே இடத்தில் கடந்தாலும் போக்குவரத்து அதிகாரிகளிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பொதுச்சாலையில் பந்தயம் நடத்த எழுத்து மூலமான ஒப்புதல் இன்றியமையாதது. ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் அரங்கில் 2001-இல் கூட்ட நெரிசலில் 43 பேர் இறந்த பிறகு, 2010-இல் விளையாட்டு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் வந்தது. குறைந்தது 2,000 பேர் கொள்ளும் இடங்களை நோக்கி எழுதப்பட்டது அது. 200 பேர் பந்தயத்துக்கு அதன் முழுச் சுமையும் வராவிட்டாலும், நகராட்சியின் நிகழ்ச்சிப் பிரிவு உங்களிடம் பாதுகாப்புத் திட்டம் கேட்கும் என்று எதிர்பார்த்தே எழுதி வையுங்கள்.

சைக்கிளிங் சவுத் ஆப்பிரிக்கா என்னும் தேசியக் கூட்டமைப்பில் பந்தயத்தைப் பதிவுசெய்வது நல்லது. உறுப்பினரல்லாதவர்கள் ஒரு நாள் உரிமம் எடுத்துக் கலந்துகொள்ளலாம். பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கண்ணில் படும் வகையிலும் எளிய மொழியிலும் அபாயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கடுமையான கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து எந்தப் படிவமும் உங்களைக் காப்பாற்றாது. படிவத்தில் வாங்கும் அடையாள எண்ணும் நோய் விவரமும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அந்தத் தாள்களைத் தண்ணீர்ப் பந்தலில் மேசைமேல் விரித்து வைக்காதீர்கள்.

நான்காம் படி: பாதையை அமைத்தல்

பாதையை மூன்று முறை பாருங்கள். முதல் முறை சைக்கிளில் பந்தயத் திசையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறை, அண்மையில் சைக்கிள் வாங்கிய ஒருவரை முன்னே விட்டு, அவர் வேகத்திலேயே பின்னால் செல்லுங்கள். அவர் எங்கே இறங்கித் தள்ளுகிறார், எங்கே தயங்குகிறார், எங்கே திசை கேட்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை பிக்கப் வண்டியில் சென்று, ஆம்புலன்ஸ் எந்த இடம் வரை வர முடியும் என்று பாருங்கள். மூன்றையும் ஜிபிஎஸ் கருவியில் பதிவுசெய்து ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் குறைந்தது இரண்டு கிலோமீட்டராவது அகலமான தோட்டச் சாலை வேண்டும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது: ஒற்றையடிப் பாதையின் வாசலில் மூன்று விநாடிக்கு ஒருவர் நுழைந்தால், 200 பேர் நுழையப் பத்து நிமிடங்கள் ஆகும். எல்லோரும் ஒன்றாக வந்து சேர்ந்தால் அங்கே திருவிழா வரிசைதான். அகலமான ஏற்றம் ஒன்று முன்னால் இருந்தால் கூட்டம் தானாகவே நீண்டுவிடும். அதோடு, 50 பேர் கொண்ட நான்கு குழுக்களாக, மூன்று நிமிட இடைவெளியில், வேகமானவர்களை முதலில் அனுப்புங்கள்.

கடினத்தை நீங்கள் போய்த் தேட வேண்டியதில்லை. 2013-இல் உலக மவுண்டன் பைக் சாம்பியன் போட்டிகள் நடந்த காஸ்கேட்ஸ் பூங்கா பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அதே ஊரில் பிறந்த கிரெக் மின்னார் அந்த ஆண்டு இறக்கப் போட்டியில் தங்கம் வென்றார். அந்தப் பெருமையில், தங்கள் முதல் பந்தயத்திலேயே பாறைச் சரிவையும் தாவு மேடையையும் வைக்க ஆசைப்படும் இளைஞர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். நம் கரையோரத்துச் செம்மணல் மழை பெய்தால் அரித்துக்கொண்டு போகும். நேற்று மென்மையாக இருந்த இறக்கம் இன்று முழங்கால் ஆழப் பள்ளமாகியிருக்கும். அதுவே போதுமான கடினம். ஆபத்தான இடம் எதுவாயினும் அதன் பக்கத்தில் ஒரு எளிய மாற்று வழியும் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அம்புக்குறிகள்

கரும்புக்காட்டில் ஒரு சந்திக்கும் அடுத்த சந்திக்கும் வேறுபாடு தெரியாது. இருபுறமும் ஆளை மறைக்கும் பசுஞ்சுவர். நான்கு திசையிலும் அதே செம்மண் சாலை. ஆகவே ஒவ்வொரு சந்திக்கும் மூன்று அம்புகள்: சந்திக்கு ஏறக்குறைய 30 மீட்டர் முன்னால் ஒன்று, திரும்பும் இடத்தில் ஒன்று, திரும்பிய பின் சரியான வழிதான் என்று உறுதிசெய்ய ஒன்று. போகக்கூடாத வழிகளில் குறுக்கே சிவப்பு வெள்ளை நாடா கட்டி, பெருக்கல் குறிப் பலகை வையுங்கள். அபாயத்தைக் காட்டக் கீழ்நோக்கிய அம்புகளைப் பயன்படுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடுதல் என்று பொருள். நேராகச் செல்லும் நீண்ட சாலையிலும் கிலோமீட்டருக்கு ஓரிரு அம்புகள் இருக்கட்டும், இல்லாவிட்டால் தனியாக வரும் கடைசி ஆளுக்கு வழி தவறிவிட்டோமோ என்ற பயம் வந்துவிடும்.

முதல் ஆண்டில், இரவில் காற்று அடித்ததோ யாராவது திருப்பினார்களோ, எங்கள் அம்பு ஒன்று வேறு பக்கம் பார்த்து நின்றது. முன்னால் சென்ற வேகமானவர்கள் ஜிபிஎஸ் கோப்பைப் பார்த்துச் சரியாகத் திரும்பிவிட்டார்கள்; பின்னால் வந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நான்கு கிலோமீட்டர் கீழே இறங்கி ஆற்றங்கரையில் போய் நின்றார்கள். அதன்பின் இரண்டு விதிகள் வைத்தோம். ஒவ்வொரு பலகையும் கேபிள் டை என்னும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள் இரண்டால் கட்டப்பட வேண்டும். பந்தயத்தன்று முதல் குழு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், பாதையை வரைந்த ஒருவர் மோட்டார் சைக்கிளில் முழுப் பாதையையும் சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: நேரக் கணக்கு

இதுதான் உங்கள் திட்டத்தின் முதுகெலும்பு. முன்னணியில் செல்பவர் மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்திலும், கடைசியாக வருபவர் 8 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாக வைத்துக்கொள்வோம். பந்தயம் 7.00 மணிக்குத் தொடங்குகிறது. தண்ணீர்ப் பந்தல்கள் 12-ஆம் கிலோமீட்டரிலும் 23-ஆம் கிலோமீட்டரிலும் இருக்கின்றன. முதல் பந்தலுக்கு முன்னணியாளர் 7.35 அளவில் வந்துவிடுவார். கடைசி ஆள் 8.30-க்கு வருவார். இரண்டாம் பந்தலில் இந்த நேரங்கள் 8.05, 9.55 என்று விரிந்துவிடும். முடிவிடத்தில் 8.30-க்கு வெற்றியாளர், 11.00 மணிக்குக் கடைசி ஆள். கடைசிக் குழு ஒன்பது நிமிடம் தாமதமாகக் கிளம்புவதையும் இதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த எண்களைப் பார்த்தாலே பல முடிவுகள் தாமாக வரும். முதல் பந்தலில் இருப்பவர்கள் 9 மணிக்கு ஓய்வாகிவிடுவார்கள். அவர்களை மேசையோடு முடிவிடத்துக்கு அனுப்பலாம். இரண்டாம் பந்தலில் இருப்பவர்கள் இரண்டரை மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். அவர்களுக்கு நிழலும் உணவும் நாற்காலியும் வேண்டும். வெளியேறும் கெடுவை இரண்டாம் பந்தலில் 10.15 என்று வைத்தால், அந்த நேரத்தில் கிளம்புபவர் மீதி 9 கிலோமீட்டரை அதே வேகத்தில் ஓட்டி 11.25-க்குள் வந்துவிடுவார். கெடு தாண்டியவரை அன்பாகப் பேசி பிக்கப் வண்டியில் ஏற்ற வேண்டும். இந்தப் பொறுப்பை இளைஞர்களிடம் தராதீர்கள். மறுக்க முடியாத ஓர் அக்காவையோ ஆயாவையோ அங்கே நிறுத்துங்கள்.

ஏழாம் படி: தண்ணீர்ப் பந்தலும் மார்ஷல்களும்

ஆளுக்குச் சராசரியாக ஒரு லிட்டர் நிரப்புவார்கள் என்று வைத்தால் 200 லிட்டர். முகம் கழுவ, காயம் கழுவ, சேறு கழுவ இன்னொரு 100 லிட்டர். இதைச் சரிபாதியாகப் பிரிக்காமல், முதல் பந்தலுக்கு 120, இரண்டாம் பந்தலுக்கு 180 என்று வையுங்கள். மெதுவாக வருபவர்கள்தாம் வெயிலில் அதிக நேரம் இருப்பவர்கள், அதிகம் குடிப்பவர்களும் அவர்களே. முன்னால் வருபவர்கள் எல்லாவற்றையும் தலையில் ஊற்றிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆரஞ்சுத் துண்டுகள், கோலா ஆகியவை இந்த நாட்டுப் பந்தயங்களில் எல்லோரும் எதிர்பார்ப்பவை. சமோசா எதிர்பாராதது, அதனால் விரைவில் தீர்ந்துவிடும்.

பாதையோர ஊர்களின் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் பந்தல் நடத்தும் பொறுப்பைக் கொடுத்து, அதற்கு உரிய தொகையை அவர்களுக்கு அளிப்பது, 2005-இல் தொடங்கிய சானி2சி போன்ற பந்தயங்கள் நன்றாகப் பயன்படுத்திக் காட்டிய வழி. எவருடைய ஊர் வழியாகச் செல்கிறீர்களோ, அவர்களே அன்று விருந்தோம்புபவர்களாக இருக்கும்போது அம்புப் பலகைகளும் திரும்புவதில்லை.

மார்ஷல்களைச் சாலை கடக்கும் இடத்தில் இருவராகவும், ஆபத்தான இறக்கத்தின் அடியில் ஒருவராகவும், குழப்பமான சந்தியில் ஒருவராகவும் நிறுத்துங்கள். ஒவ்வொருவரிடமும் தாளில் அச்சிட்ட வரைபடம், தம் இடத்தின் எண், முதல் ஆளும் கடைசி ஆளும் வரக்கூடிய நேரங்கள், விசில், தண்ணீர் ஆகியவை இருக்க வேண்டும். பள்ளத்தாக்குகளில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது. அங்கே வாக்கி-டாக்கி வையுங்கள், அல்லது மேட்டில் ஒருவரை நிறுத்திச் செய்தி கடத்துங்கள். வயல்களுக்குத் தோட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் எண் கொடுத்திருப்பார்கள். “பெரிய மாமரத்துக்குப் பக்கத்தில்” என்று சொல்வதைவிட அந்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் விரைவில் வந்து சேரும்.

எட்டாம் படி: மருத்துவம்

பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்களும் ஓர் ஆம்புலன்ஸும் இல்லாமல் பந்தயத்தைத் தொடங்காதீர்கள். பொது அவசர எண்களான 10177, கைப்பேசியிலிருந்து 112 ஆகியவற்றை ஒவ்வொரு சைக்கிளிலும் கட்டும் எண் பலகையின் பின்புறத்திலேயே, பந்தயக் கட்டுப்பாட்டு எண்ணுடன் சேர்த்து அச்சிடுங்கள். தோள் எலும்பு முறிவும் தோல் சிராய்ப்பும்தான் அடிக்கடி வருபவை. பஃப் ஆடர் என்னும் தடித்த விரியன் பாதையிலேயே அசையாமல் வெயில் காயும். முதல் குழுவுக்கு முன்னே செல்லும் மோட்டார் சைக்கிள்காரர் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாம்பைக் கண்டால் அடிக்கக்கூடாது, தூரத்தில் நின்று மற்றவர்களை நிறுத்த வேண்டும் என்று மார்ஷல்களுக்குச் சொல்லுங்கள். தலைக்கவசம் இல்லாதவரை, அவர் உங்கள் மாமாவாக இருந்தாலும், தொடக்கக் கோட்டில் நிற்க விடாதீர்கள்.

ஒன்பதாம் படி: பந்தயக் காலையும் பின்தொடர்பவரும்

காலை 4.30-க்கு வாயில் திறக்கட்டும். எண் வழங்கும் மேசை 6.40-க்கு மூடப்பட வேண்டும்; அதன்பின் வருபவர்களுக்காகத் தொடக்கத்தைத் தள்ளினால் மேலே போட்ட நேரக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். அறிவிப்புரை ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்: அபாயமான இடங்கள், கெடு நேரம், அவசர எண், சாலை கடக்கும் இடத்தில் மார்ஷல் கை காட்டும் வரை நிற்க வேண்டும் என்பது. சிறப்பு விருந்தினர் பேச்சு பரிசளிப்புக்குப் பிறகு இருக்கட்டும்.

எத்தனை பேர் தொடக்கக் கோட்டைக் கடந்தார்கள் என்பதை இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள். பதிவுசெய்தவர்களின் எண்ணிக்கை இதற்கு உதவாது, வராதவர்கள் எப்போதும் இருப்பார்கள். எல்லாரும் கிளம்பிய பிறகு இரண்டு பின்தொடர்பவர்கள் சைக்கிளில் செல்கிறார்கள். நிதானமானவர்களாக, சங்கிலியை இணைக்கவும் டயர் மாற்றவும் தெரிந்தவர்களாக, கடைசியாக வருபவர் அவமானப்படாமல் பேசத் தெரிந்தவர்களாக அவர்களைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் ஒரு சந்தியைக் கடந்ததும் அங்குள்ள மார்ஷல் கட்டுப்பாட்டுக்குச் செய்தி சொல்லிவிட்டு, நாடாவையும் பலகையையும் கேபிள் டைகளையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். நாளைக்கு எடுக்கலாம் என்று விட்ட நாடா மாட்டின் வயிற்றுக்குள் போகும்.

முடிவிடத்தில் வந்தவர்கள், வண்டியில் ஏற்றப்பட்டவர்கள், மருத்துவரிடம் சென்றவர்கள் ஆகிய மூன்றையும் கூட்டினால் தொடக்க எண்ணிக்கை வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆம்புலன்ஸை அனுப்பிவிடாதீர்கள். எங்களுக்கு ஒருமுறை ஒருவர் குறைந்தார். நாற்பது நிமிடத் தேடலுக்குப் பிறகு அவர் 14-ஆம் கிலோமீட்டரில் விலகி, பக்கத்துச் சாலை வழியாக வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. விலகுபவர் எண் பலகையை ஏதேனும் ஒரு மார்ஷலிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது இப்போது அறிவிப்புரையின் முதல் வரி.

பண்ணைக்காரரின் கேட்டை மூடுவதும் பின்தொடர்பவர்களின் வேலைதான். இரண்டாவது ஆண்டு நாங்கள் கொடுத்த தாளில் அவர்கள் பெயரே இருந்தது. பூட்டிய கேட்டைத் தேதியும் நேரமும் தெரியப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலை சாவியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் இம்முறை வரைபடத்தை விரித்து, ஆற்றோரமாகத் தன் நிலத்தில் இன்னொரு பாதை இருப்பதைக் காட்டினார்.